தோட்டத்துக்குள் போனவர்கள்
மலையகத்தில் உரிமைக் காவலர் உருவான வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1970ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தை நம்மில் அநேகர் அறிந்திருக்க மாட்டோம். தொழிற்சங்கப் பிரதிநிதிகள் தோட்டங்களுக்குள் பிரவேசித்தல் பற்றிய சட்டம் என்பது அதன் பெயர். பெயரை இன்னொரு தடவை நிதானமாக வாசித்துப் பாருங்கள். மனிதர்கள் பிறந்து, வளர்ந்து, பிள்ளை பெற்று, ஈற்றில் தேயிலைக்கே உரமாகிப்போகிற ஓர் இடத்துக்கு அவர்களுடைய சங்கத்து ஆள் ஒருவர் போய்வருவதற்கு, நாடு சுதந்திரம் பெற்று 22 வருடங்கள் கழித்துப் பாராளுமன்றம் கூடிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

தோட்டம் முழுவதும் கம்பனியின் சொத்து. லயத்துக் காம்பராவும் கம்பனியின் சொத்தே. ஆகவே துரையின் அனுமதியின்றி உள்ளே வருகிறவர், தொழிலாளி ஒருவர் அழைத்து வந்திருந்தாலும், அத்துமீறிப் பிரவேசித்தவராகிப் பொலிஸுக்கும் நீதிமன்றத்துக்கும் இழுக்கப்படக்கூடியவராக இருந்தார். மலையகத்தின் பழைய சங்கக் கூட்டங்கள் ஹட்டன், தலவாக்கலை, நாவலப்பிட்டி என்று பட்டணங்களிலேயே அதிகமும் நடந்தமைக்கு இதுவும் ஒரு காரணம். தோட்டத்துக்குள் பேச முடியாததைப் பேசப் பட்டணத்துக்கு நடந்து வந்தார்கள்.

இன்று "மனித உரிமைக் காவலர்" என்றொரு சொல் புழக்கத்தில் இருக்கிறது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1998 டிசெம்பர் 9ஆம் திகதி இவர்களுக்கென ஒரு பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. 2000ஆம் ஆண்டில் பாகிஸ்தானைச் சேர்ந்த சட்டத்தரணி ஹினா ஜிலானி இவ்விடயத்துக்கான செயலாளர் நாயகத்தின் முதலாவது விசேட பிரதிநிதியாக நியமிக்கப்பட்டார். இதன் பின்னர்தான் கொழும்பிலும் கண்டியிலும் இருந்து செயலமர்வுகள் மலையேறி வந்தன என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. உரிமை கேட்பவரைப் பயிற்றுவிக்கும் வேலை ஹட்டனில் அதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே தொடங்கிவிட்டது. அதன் பாடத்திட்டம் மிகச் சிறியது. உன்னைப் பற்றி எழுதப்பட்ட காகிதத்தில் என்ன இருக்கிறது என்று அறிந்துகொள் என்பதே அது. ஆனால் பயிற்சிக்கு இன்னொரு பாதியும் உண்டு. கற்றவன் போய்க் கேள்வி கேட்ட மறுநாள் அவனுக்குப் பின்னால் நிற்பது யார் என்பதே அந்தப் பாதி. மலையக வரலாற்றில் முதல் பாதியை ஓரளவுக்குச் செய்திருக்கிறோம். இரண்டாம் பாதியில் தவறிக்கொண்டே வந்திருக்கிறோம் என்பது என் எண்ணம்.

தஞ்சாவூர்ப் பகுதியிலிருந்து வந்த கோ. நடேசய்யரிடமிருந்தே இதைத் தொடங்க வேண்டும். 'தேசநேசன்', 'தேசபக்தன்' ஆகிய பத்திரிகைகளை நடத்தியவர், 1920களில் சட்டநிரூபண சபையிலும் 1936 முதல் ஹட்டன் தொகுதிக்காக அரசாங்க சபையிலும் அங்கம் வகித்தவர். அவரைப் பற்றி விரிவாக ஆராய்ந்து 1988இல் 'தேசபக்தன் கோ. நடேசய்யர்' என்ற நூலைத் தந்த சாரல்நாடனுக்கு மலையகம் கடமைப்பட்டிருக்கிறது. தோட்டங்களின் உண்மை நிலையை அறிவதற்காக நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடம் பூண்டு உள்ளே போனார் என்பது அவருடைய வாழ்வில் எல்லோரும் சொல்லும் சம்பவம். இதைச் சாகசக் கதையாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். எனக்கு அதிலே வேறொன்று தெரிகிறது. புடவை மூட்டையோடு வருகிறவனுக்குத் தோட்டத்தில் தடையில்லை. அவன் கடன் கொடுத்துவிட்டுப் போவான், சம்பளத்தன்று வந்து வாங்குவான். அதனால் நிர்வாகத்துக்கு ஒரு நட்டமும் இல்லை. சட்டத்தைக் கொண்டு வருகிறவனைத்தான் உள்ளே விடக்கூடாது. ஆகவே சட்டத்தைப் புடவை மூட்டைக்குள் வைத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது.

உள்ளே அவர் கண்டது காகிதங்களால் கட்டிப்போடப்பட்ட ஒரு சனத்தை. "துண்டு" என்பது அக்காகிதங்களில் பேர்போனது. தொழிலாளி இன்ன தொகை கடன் பட்டிருக்கிறான், அதைக் கட்டினால் அவனை விடுவிக்கத் தயார் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. துண்டில்லாமல் இன்னொரு தோட்டம் ஏற்காது. துண்டோடு போனால் கடனும் கூடவே போகும். தன் கழுத்தில் தொங்கும் தொகை எவ்வளவென்று அவனால் வாசிக்க முடியாது. துண்டு முறை 1921இல் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. ஆனால் செக்ரோல் இருந்தது. காலையில் பெரட்டுக்களத்தில் பேர் விழுந்ததா, முழுப்பேரா அரைப்பேரா என்பதைக் கணக்கப்பிள்ளையின் பென்சில்தான் தீர்மானித்தது. ஓர் ஆள் வேலைக்கு இறங்கினால் கங்காணிக்குத் தலைக்காசு. இவை எல்லாவற்றுக்கும் மேலே பத்துச்சீட்டு. வேலைநீக்கக் கடிதத்துக்கு மலையகம் வைத்த பெயர் அது. பத்துச்சீட்டு வாங்கியவனுக்கு வேலையோடு காம்பராவும் போயிற்று. வேறெந்தத் தொழிலாளிக்கும் வேலை போனால் வேலைதான் போகும். இங்கே அன்றிரவு பிள்ளைகள் படுக்கும் இடமும் சேர்ந்தே போகும். தோட்டத்தில் உரிமை கேட்பதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருந்தது என்பதை இந்த ஒன்றை வைத்தே அளக்கலாம்.

1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என்று நிர்ணயிக்கப்பட்டது. வயதும் பாலும் பார்த்துக் கூலி குறைத்த அச்சட்டத்தை இன்று போற்ற முடியாது. ஆயினும் முதன்முதலாகத் தொழிலாளியின் வாயில் வைத்துச் சொல்லக்கூடிய ஓர் எண் கிடைத்தது. "எனக்குப் பத்தவில்லை" என்பது முறைப்பாடு. "எனக்கு 54 சதம் வரவேண்டும், 50 சதந்தான் தந்திருக்கிறீர்கள்" என்பது உரிமை. 1931இல் ஹட்டனைத் தளமாகக் கொண்டு நடேசய்யர் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்த காலத்தில் உலகப் பொருளாதார மந்தம் வந்து, நிர்ணயித்த அந்தச் சம்பளமே வெட்டப்பட்டது. எண்ணைத் தெரிந்தவர்களுக்கே வெட்டும் தெரிந்தது.

எழுத்தறியாதவர்களுக்கு எண்ணையும் சட்டத்தையும் எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது? இவ்விடத்தில் அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாளை வெறும் துணைவியாராகப் பார்ப்பது பிழை. பத்திரிகைப் பணியிலும் பங்குகொண்ட அவர், தொழிலாளர் படும் பாட்டைச் சனங்களுக்குப் பழகிய மெட்டுகளில் பாட்டாகக் கட்டிக் கூட்டங்களில் பாடினார். அப்பாட்டுகள் சிறு புத்தகங்களாக அச்சாகிக் குறைந்த விலைக்குப் போயின. வாசிக்கத் தெரிந்த ஒருவர் லயத்தில் இருந்தால் போதும், மெட்டு ஏற்கெனவே தெரிந்ததால் மறுநாள் மலையில் நிரைபிடிக்கும்போது பத்துப் பேர் வாயில் அது இருக்கும். ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குக் கற்பித்தல் சாதனங்கள் பற்றி ஒரு முழுத் தவணை படிப்பித்தார்கள். மீனாட்சியம்மாளின் பெயர் அதிலே வரவில்லை. வந்திருக்கலாம்.

இனி அந்த மற்றப் பாதி. 1936இல் மாக் அன்ரனி பிறேஸ்கேடில் என்ற வெள்ளை இளைஞர் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்து, மடுல்கலைப் பக்கம் ரெலுகாஸ் தோட்டத்தில் சின்னத்துரை வேலை பழகினார். தொழிலாளரின் பக்கம் பேசியதால் வேலை போயிற்று. லங்கா சமசமாஜக் கட்சியோடு சேர்ந்து, 1937 ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டிக் கூட்டத்தில் துரைமாரைக் கண்டித்துப் பேசினார். நாட்டை விட்டு வெளியேறும்படி தேசாதிபதி ஸ்டப்ஸ் உத்தரவிட்டார். கட்சி அவரை ஒளித்து வைத்தது. காலிமுகத் திடலில் பெரும் கூட்டத்துக்கு முன்னால் அவரைக் கொண்டுவந்து நிறுத்தியது. கைதானபோது எச். வி. பெரேரா என்ற தலைசிறந்த வழக்கறிஞர் ஆட்கொணர்வு மனுவோடு தோன்றினார். பேச்சுரிமையைப் பயன்படுத்தியதற்காக ஒருவரை நாடுகடத்த முடியாதென உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உரிமைக் காவலர் ஒருவருக்கு ஆதரவளிப்பது எப்படி என்று எவராவது என்னிடம் கேட்டால் இந்த ஆறு வாரக் கதையைத்தான் சொல்வேன். ஒளிக்க இடம், கூடுவதற்குச் சனம், வாதாட வக்கீல், எழுதுவதற்குப் பத்திரிகை, எல்லாம் இருந்தன.

அந்த நாவலப்பிட்டிக் கூட்டத்துக்கு மலையிறங்கி வந்து கைதட்டிய தொழிலாளர்களை எண்ணிப் பாருங்கள். அவர்களில் ஒருவருக்கு மறுநாள் பத்துச்சீட்டு வந்திருந்தால் எந்த வக்கீல் வந்திருப்பார்? 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது பொலிஸாரின் சூட்டுக்குக் கோவிந்தன் என்ற தொழிலாளி பலியானார். விசாரணை ஆணைக்குழு அமர்ந்தபோது கோவிந்தனின் மனைவிக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா ஆஜரானார். நன்றியோடு நினைக்கத்தக்க செயல். ஆனால் கோவிந்தனுக்கு வக்கீல் கிடைத்தது அவர் இறந்த பின்னர்.

சுதந்திரத்தின் பின்னர் காகிதத்தின் பெயர் மாறிற்று, அதன் வலிமை மாறவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மக்களுக்கு, 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் ஒரு படிவத்தை நீட்டியது. "பாகிஸ்தானிய" என்ற சொல்லை நமது வாசகர்கள் கவனிக்க வேண்டும். கொழும்பிலும் மலைநாட்டுப் பட்டணங்களிலும் கடை வைத்திருந்த இந்திய வம்சாவளி முஸ்லிம்களும் அதே வரிசையில்தான் நின்றார்கள். விண்ணப்பிப்பதற்கு இரண்டு வருட அவகாசம், 1951 ஓகஸ்டில் முடிந்தது. விவாகமானவர் ஏழு வருடமும் மற்றவர் பத்து வருடமும் இடையறாது வசித்ததைக் காட்ட வேண்டும். பிறப்புப் பதிவே இல்லாதவன் எதைக் காட்டுவான்? தோட்டத்துப் பதிவேட்டைத்தான் காட்ட வேண்டும். அதுவோ துரையின் கந்தோரில் இருக்கிறது.

இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் விண்ணப்பிக்க வேண்டாமென்றது. பின்னர், காலம் குறுகிய நிலையில், விண்ணப்பியுங்கள் என்றது. அச்சட்டத்தின் அநீதியை எதிர்த்த முடிவு நியாயமானதாக இருக்கலாம், ஆனால் அந்தத் தாமதத்தின் விலையை லயங்களில் இருந்தவர்களே கொடுத்தார்கள் என்று நான் நினைக்கிறேன். எப்படியோ, ஏறத்தாழ 237,000 விண்ணப்பங்கள் போயின. குடும்பத்தாரையும் சேர்த்தால் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள். அப்படிவங்களை நிரப்பியவர்கள் யார்? தோட்டப் பாடசாலை வாத்தியார்கள், சங்கத் தலைவர்கள், பட்டணத்துப் பெட்டிசம் எழுத்தர்கள், ஆங்கிலம் நாலெழுத்துத் தெரிந்த கடைச் சிப்பந்திகள். எந்தப் பயிற்சியும் பெறாத இவர்கள்தான் அக்காலத்தின் உரிமைக் காவலர்கள். திகதி ஒன்று பிசகினாலும் விண்ணப்பம் தள்ளுபடியாகும். 1952இல் கொழும்பில் மாதக்கணக்கில் நடந்த சத்தியாக்கிரகமும் இதை அசைக்கவில்லை. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகும்வரை பிரஜாவுரிமை பெற்றவர்கள் சுமார் 134,000 பேர்தான்.

இக்காலத்துத் தலைவர்களில் ஜனாப் ஏ. அஸீஸ் பற்றி நாம் இன்னும் போதிய அளவு எழுதவில்லை. தேயிலை மலையில் பிறந்தவரல்லர், தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவருமல்லர். இலங்கை இந்தியக் காங்கிரஸின் தலைவராயிருந்து, எஸ். தொண்டமானோடு முரண்பட்டுப் பிரிந்து, ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸை அமைத்தார். புதிய சங்கத்தைத் தோட்டத்துரைமார் அங்கீகரிக்க வேண்டுமென்ற போராட்டத்தில், 1956இல் டயகமத் தோட்டத்தில் பொலிஸார் சுட்டு இறந்தவரின் பெயர் ஏப்ரஹாம் சிங்கோ. தலைவர் முஸ்லிம், தொழிலாளர் தமிழர், உயிர்விட்டவர் சிங்களவர். அந்த 1956இல்தான் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். டயகமவுக்குப் போகும் வழியில் அக்கரப்பத்தனையில் தேநீர் குடித்தபோது அங்கிருந்த இளைஞர்கள் சிலரிடம் இப்பெயரைச் சொன்னேன். ஒருவருக்கும் தெரியவில்லை. பாடப்புத்தகத்தில் இல்லாத பெயரை அவர்கள் எங்கே கேட்டிருப்பார்கள்?

1960களில் இவ்வேலை பாடசாலைக்குள் வந்தது. ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரியில் இர. சிவலிங்கம் போன்ற ஆசிரியர்கள், மலையகத்தான் என்று சொல்லக் கூசாத ஒரு தலைமுறையை வளர்த்தார்கள். பின்னாளில் அவர் தமிழகம் சென்றபோதும் நீலகிரியில் தாயகம் திரும்பியோர் மத்தியிலேயே பணிபுரிந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. 1972இல் கண்டியில் வண. போல் கெஸ்பர்ஸ் அடிகளார் சத்தியோதயத்தை நிறுவி, சிங்கள, தமிழ் இளைஞர்களை ஒரே கூரையின் கீழ் வாழவைத்துப் பழக்கினார். 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில், காணி பறிபோவதை எதிர்த்து நின்ற கூட்டத்தில் சிவனு லெட்சுமணன் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஓகஸ்டிலும் 1983 யூலையிலும் நடந்தவற்றை இங்கே விபரிக்க வேண்டியதில்லை.

படிவத்தின் கதைக்கு ஒரு முடிவு 2003இல் வந்தது. அவ்வருடத்தின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்துவரும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களுடைய வழித்தோன்றல்களுக்கும் பிரஜாவுரிமை வழங்கிற்று. சட்டம் வந்தால் போதுமா? அகதிகளுக்கான ஐ.நா. உயர்ஸ்தானிகராலயமும் தொழிற்சங்கமும் அரசும் சேர்ந்து, தொண்டர்களைப் பயிற்றுவித்து, நடமாடும் முகாம்களைத் தோட்டப் பகுதிகளுக்கு அனுப்பின. பத்து நாட்களில் 190,000 பேருக்கு மேல் பிரஜாவுரிமை பெற்றார்கள். 1951இல் பெட்டிசம் எழுத்தரின் மேசையில் நடந்ததும் இதே வேலைதான். அப்போது அரசு படிவத்தை மறிப்பதற்கென்று நீட்டியது, இப்போது கொடுப்பதற்கென்று நீட்டியது. நிரப்பிக் கொடுத்த கைகளில் திறமை வித்தியாசம் பெரிதாக இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

இன்றைய செயலமர்வுகளுக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன்னர் ஹட்டனில் இரண்டு நாள் பயிற்சி ஒன்றுக்கு நானும் போனேன். நடத்தியவர்களின் பெயர் இங்கு அவசியமில்லை. கோவை, பேனை, மதியம் சோற்றுப் பார்சல், முடிவில் சான்றிதழ். விரிவுரை மோசமில்லை. 1998ஆம் ஆண்டுப் பிரகடனத்தை உறுப்புரை உறுப்புரையாக விளக்கினார்கள். உரிமைக்காகச் செயற்படுபவரைப் பழிவாங்கலிலிருந்து பாதுகாக்க அரசு கடமைப்பட்டுள்ளது என்று சொல்லப்பட்டபோது, கொழுந்தெடுக்கும் ஒரு பெண் எழும்பினார். மாதர் சங்கத் தலைவி. "சேர், பக்கத்துக் காம்பராப் புள்ளய வீட்டு வேலைக்கு கொழும்புக்கு அனுப்பிட்டாங்க, பதினாலு வயசு. நான் போய் பொலிஸ்ல என்ட்ரி போட்டா, நாளைக்கு தண்ணிப் பீலில எனக்குத் தண்ணி புடிக்க விடுவாங்களா?" என்று கேட்டார். விரிவுரையாளர் பிரகடனத்தின் அதே உறுப்புரையை மறுபடியும் விளக்கினார். அப்பெண் உட்கார்ந்துகொண்டார்.

அவர் பயந்தது அரசுக்கோ துரைக்கோ அல்ல. ஒரே லயத்தில், ஒரே கூரையின் கீழ் வாழும் அயலவருக்கு. அந்தப் புரோக்கரும் அதே தோட்டத்தில்தான் இருக்கிறான். இதற்கு ஜெனீவாவில் விடை இல்லை. முன்பு சந்தாப் பணம் சேர்க்கவென்றாவது தலைவர் மாதமொருமுறை காம்பராக் காம்பராவாக ஏறியிறங்கினார். செக்ரோலிலேயே சந்தா கழிக்கப்படத் தொடங்கியதும் அந்த நடை குறைந்தது. வசதிதான். ஆனால் வாசலில் நின்று "என்னம்மா சங்கதி" என்று கேட்கும் ஒருவர் இல்லாமல் போனதால், இப்படியொரு பெண் தனித்துப்போகிறார். இது என் சொந்த அபிப்பிராயம், தொழிற்சங்க நண்பர்கள் மறுக்கலாம்.

பின்னால் நிற்பது என்றால் என்ன என்பதை நமது எழுத்துலகமும் அண்மையில்தான் அனுபவத்தில் கண்டது. இளம் கவிஞரும் ஆசிரியருமான அஹ்னாப் ஜஸீம் 2020 மேயில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். அவருடைய தமிழ்க் கவிதைகளே குற்றச்சாட்டுக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டன. 2021 டிசெம்பரில் பிணை, 2023 டிசெம்பரில் விடுதலை. அக்கவிதைகளை மொழிபெயர்த்து, அவற்றில் உண்மையில் என்ன எழுதியிருக்கிறதென்று உலகுக்குச் சொன்னவர்களும், கட்டணம் பாராமல் வாதாடியவர்களும் இல்லாதிருந்தால் அக்காலம் இன்னும் நீண்டிருக்கும். இங்கேயும் காகிதத்தை வாசித்துக் காட்டுவதுதான் வேலையாயிருந்தது.

அந்தச் செயலமர்வு முடிந்த பிறகு, மாதர் சங்கத் தலைவி தனியாகப் போகவில்லை. எங்கள் பக்கத்துத் தோட்டங்களைச் சேர்ந்த வேறு நான்கு பெண்கள் கூடப் போனார்கள். நானும் என்னோடு படிப்பிக்கும் சிங்கள ஆசிரியர் ஒருவரும் போனோம். முறைப்பாடு சிங்களத்தில் எழுதப்பட்டது. கையொப்பமிடச் சொன்னபோது, "எழுதினத வாசிச்சுக் காட்டுங்க" என்று அவர் கேட்டார். நண்பர் வாசித்துத் தமிழில் சொன்னார். பிள்ளையின் வயது பதினெட்டு என்று இருந்தது. அதைப் பதினாலு என்று திருத்தும்வரை அவர் பேனையைத் தொடவில்லை.